12 நாளாகியும் காயாத வானம்

எண்ணூரில் கொசஸ்தலையாறு கடலில் சேரும் கழிமுகத்தை ஆயில் பெயின்ட்டில் வரைந்துகொண்டிருந்தேன். எனக்கு ஆஸ்துமா, பிரஷ் கழுவும் டர்பன்டைன் வாடை பட்டாலே இழுப்பு வரும், அதனால் இந்தப் படத்துக்கு முன்தான் அதை விட்டேன்.

வானம் மட்டும் 12 நாளாகியும் விரலில் ஒட்டியது. திருவொற்றியூர் கடல்காற்று ஈரம் என்று நினைத்து மொட்டைமாடி வெயிலில் வைத்தேன், தூசிதான் அப்பியது. டைட்டானியம் வெள்ளை மெதுவாகக் காயும் என்பதால் புது ட்யூப் வாங்கினேன், காசு தண்டம்.

அப்புறம்தான் கவனித்தேன், அதே வெள்ளையைக் கத்தியால் அப்பிய அலைநுரை வானத்தைவிடத் தடிமன், ஆனால் ஒட்டவில்லை. அப்போ கோளாறு பிரஷ்ஷில். டர்பன்டைனுக்குப் பதில் தேங்காய் எண்ணெயில் கழுவிவந்தேன். ஆயில் பெயின்ட்டில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும், தேங்காய் எண்ணெய் இறுகாது. மயிரடியில் தங்கியது வானம் முழுக்கக் கலந்துவிட்டது.

வானத்தைச் சுரண்டி எடுத்தேன். இப்போது பிரஷ்ஷை ஆளிவிதை எண்ணெயில் அலசித் துடைத்து, நுரை வெள்ளையாக வரும்வரை சோப்பு போடுகிறேன். புது வானம் 6 நாளில் காய்ந்தது, அப்பாடா. துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே தீப்பிடிக்கும், தண்ணீரில் நனைத்து வையுங்கள்.