விளம்பரப் படத்தில் பின்னணியில் நிற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூந்தமல்லிக்கு அப்பால் உள்ள ஒரு படப்பிடிப்புத் தளத்தில் சென்ற மாதம் காத்திருந்தபோது, கல்லூரியை இப்போதுதான் முடித்திருக்கக்கூடிய ஒரு பையன், தன் நண்பனைக் குனியச் சொல்லி, அவன் முதுகின் மேல் ஒப்புதல் படிவத்தை வைத்துச் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டதைப் பார்த்தேன். மூன்று பக்கங்களுக்கும் சேர்த்து அவனுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. 14 ஆண்டுகளாக விளம்பரப் படங்களில் பேருந்துக்குக் காத்திருப்பவனாகவும், பந்தியில் உட்கார்ந்திருப்பவனாகவும், கடைத்தெருவில் குறுக்கே நடப்பவனாகவும் வந்துபோகிற எனக்கு, அந்தக் காட்சி வயிற்றைப் பிசைந்தது.

கேமராவைப் பார்க்காதீர்கள், நேரத்துக்கு வாருங்கள், ‘கட்’ சொல்லும்வரை நிறுத்தாதீர்கள் என்பவற்றையெல்லாம் வடபழனியில் நம்மை ஏற்றிக்கொள்ளும் வேன் ஓட்டுநரே சொல்லிவிடுவார். ஆகையால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

படிக்காமல் கையெழுத்திடுவது

2016இல் கிழக்குக் கடற்கரைச் சாலையில், பனையூர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டில், சமையல் எண்ணெய் ஒன்றுக்கான விளம்பரம் எடுத்தார்கள். கல்யாணப் பந்திக் காட்சி. மூன்றாவது வரிசையில் ஐந்தாவது இலை என்னுடையது. சம்பளம் 1,500 ரூபாய். காலை ஆறு மணிக்கு, இட்லித் தட்டு ஒரு கையில் இருக்கும்போதே, எங்களை வேலைக்கு அழைத்துவந்த ஏஜென்ட், என் தோற்றத்தைப் பயன்படுத்த ஒப்புதல் தரும் படிவத்தை நீட்டினார். ஆங்கிலத்தில் இரண்டரைப் பக்கம் இருந்தது. தொகை, காலம், பாத்திரம் ஆகிய மூன்றுக்கும் எதிரே வெறும் கோடுகள்தாம் இருந்தன. வேனின் பானெட் மேல் வைத்துக் கையெழுத்திட்டேன். சட்னி ஒரு சொட்டு அதன் மேல் விழுந்ததும், அதைத் துடைத்ததும்கூட நினைவிருக்கிறது. எழுதியிருந்ததில் ஒரு வரியும் நினைவில்லை, ஏனெனில் படிக்கவே இல்லை.

பகல் பன்னிரண்டு மணியளவில், மானிட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களில் யாருக்கோ நான் அப்பளத்தை நொறுக்கிய விதம் பிடித்துப்போயிற்று. என்னை முதல் வரிசைக்குக் கொண்டுவந்து மாப்பிள்ளையின் பக்கத்தில் உட்காரவைத்து, லென்ஸை மாற்றி, முகத்தை மட்டும் பதினோரு டேக் எடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான்கு மாதம் கழித்துக் கத்திப்பாரா அருகே, வாயில் அப்பளத்தோடு நான் விளம்பரப் பலகையில் நின்றேன். பேருந்துகளின் முதுகிலும் நானே இருந்தேன். உறவினர்கள் தொலைபேசியில் வாழ்த்தினார்கள். எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டவர்களிடம் பொய் சொன்னேன்.

உண்மையான அடி அதற்குப் பிறகுதான் விழுந்தது. வேறொரு எண்ணெய் விளம்பரத்தில் குடும்பத்தின் தந்தை வேடத்துக்கு, இரண்டு நாள் வேலைக்கு 40,000 ரூபாய் என்று பேசி, உடைக்கு அளவும் எடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை, ‘நீங்கள் அந்த எண்ணெயின் முகமாயிற்றே’ என்று ஒரே வரியில் விலக்கினார்கள். போட்டியாளரின் விளம்பரத்தில் தெரிந்த முகத்தை எந்த நிறுவனமும் தன் விளம்பரத்தில் வைத்துக்கொள்ளாது. ஏஜென்டை விரட்டி மூன்று வாரத்துக்குப் பிறகு படிவத்தின் நகலை வாங்கிப் படித்தபோது, எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், கால வரம்பின்றி என் தோற்றத்தைப் பயன்படுத்தலாம் என்று நானே எழுதிக்கொடுத்திருந்தது தெரிந்தது. வெற்றுக் கோடுகளை எவரோ பிறகு நிரப்பியிருந்தார்கள், தொகைக்கு எதிரே அதே 1,500. அவர்கள் மேல் கோபப்படவும் வழியில்லை, ஏனெனில் கீழே இருந்தது என் கையெழுத்து. இன்றைக்கும் அதை நினைத்தால் எரிச்சல் என் மேல்தான் வருகிறது.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று எண்ணுபவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தம், நடிப்பவர்களுக்குச் சில உரிமைகளைக் கூட்டியது. ஆனால் அதே திருத்தம், ஒரு படத்தில் போகிறபோக்கில் தோன்றி, தொழில் வழக்கப்படி பெயர்ப் பட்டியலிலும் இடம்பெறாத ஒருவரை அந்தச் சட்டம் சொல்லும் நிகழ்த்துநராக, அதாவது அந்த உரிமைகளுக்கு உரியவராகக், கருத வேண்டியதில்லை என்றும் வகுத்துவிட்டது. நற்பெயருக்குக் கேடு விளையும்படி நம் நடிப்பைத் திரித்தால் எதிர்க்கலாம் என்பது ஒன்றே அச்சட்டத்தில் நமக்கு மிஞ்சுகிறது. ஆகவே நமக்கு எஞ்சியிருக்கும் காவல் அந்தப் படிவம்தான்.

படிவத்தில் மூன்றைத் தேடுங்கள்: எந்தெந்த ஊடகம், எந்தெந்த நாடு, எவ்வளவு காலம். பாத்திரம் என்ற இடத்தில் ‘பின்னணி’ என்று நீங்களே எழுதுங்கள். நிரப்பப்படாத கோட்டின் மேல் குறுக்குக் கோடு இழுத்த பிறகே கையெழுத்திடுங்கள். எல்லாப் பக்கங்களையும் அங்கேயே கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் வந்து உட்காரச் சொன்னால் மகிழ்ச்சியாக உட்காருங்கள், ஆனால் லென்ஸ் மாற்றி விளக்கை நகர்த்தும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஏஜென்டைத் தனியே அழைத்து, வேடம் மாறியதற்கான தொகையை மெல்லிய குரலில் பேசி, அவர் ஒப்புக்கொண்டதை ஒரு வாட்ஸ்அப் செய்தியாக வாங்கிவிடுங்கள். காட்சி எடுத்து முடிந்த பிறகு கேட்பவருக்கு யாரும் காது கொடுப்பதில்லை. இயக்குநரிடம் மட்டும் கேட்காதீர்கள். அவருக்கு உங்கள் சம்பளம் என்னவென்றே தெரியாது.

டேக்குக்கு டேக் புதிதாக நடிப்பது

முப்பது நொடி விளம்பரம், நொடிக்கு 25 ஃபிரேம் என்ற தொலைக்காட்சிக் கணக்கில், மொத்தம் 750 ஃபிரேம்தான். அதில் நான்கு நொடி ஓடும் ஒரு துண்டை இருபது முறை எடுத்துவிட்டுக் கேமராவை மறுபக்கம் கொண்டுபோய் மறுபடியும் எடுப்பார்கள். அண்மையில் டீக்கடைக் காட்சி ஒன்றில், அழகாக நடிக்கக்கூடிய ஒரு பெண், ஒரு டேக்கில் வலக்கையாலும் அடுத்ததில் இடக்கையாலும் கிளாஸைப் பிடித்தார். அதற்கடுத்ததில் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தலைமுடியைச் சரிசெய்தார். இவற்றை ஒட்ட முடியாத எடிட்டர் வெட்டுவது அவரைத்தான், கதாநாயகியை அல்ல.

முதல் டேக்கில் செய்ததை மனத்தில் ஒரு அடையாளத்தோடு முடிந்துவைத்துக்கொள்ளுங்கள். நாயகி கதவைத் திறக்கும்போது இரண்டாவது மடக்கு, அவர் சிரிக்கும்போது கிளாஸ் பெஞ்சின் மேல், என்பதுபோல. குறுக்கே நடப்பவர் எந்தக் காலை முதலில் எடுத்து வைத்தார் என்பதையும் எத்தனை அடி நடந்தார் என்பதையும் எண்ணிக்கொள்ள வேண்டும். ‘ஒன் மோர்’ என்று கேட்டதும் அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். அந்த இடத்தைத் தரையின் ஓர் ஓட்டையோ கறையையோ வைத்து நான் நினைவில் கொள்கிறேன்.

சாப்பாட்டுக் காட்சியில் பசியோடு உட்கார்வது

விழுங்காதீர்கள், பதினைந்தாவது டேக்கிலும் அதே ஜிலேபிதான் வரும்.

பொருந்தாத உடை

நெருக்கமான கோடு போட்ட சட்டை திரையில் நெளியும், பளீர் வெள்ளை கண்ணைக் கூசவைக்கும், எழுத்தோ முத்திரையோ உள்ள சட்டையைக் காஸ்ட்யூமர் வாசலிலேயே கழற்றச் சொல்லிவிடுவார். புதியவர்களுக்குத் தெரியாதது வேறு: போட்டி நிறுவனத்துக்கு உரிய நிறத்தில் உடுத்திப்போனாலும் விளம்பரம் கொடுத்தவர்கள் முகம் சுளிப்பார்கள். மூன்று மாற்றுச் சட்டைகளை இஸ்திரி போட்டு எடுத்துச்செல்லுங்கள்.

தளத்தில் செல்ஃபி

வேண்டாம். வெளிவராத பொருளின் பெட்டி உங்கள் தோளுக்குப் பின்னால் தெரிந்தால், அடுத்த அழைப்பு வராது.

கணக்கு வைக்காமல் இருப்பது

விளம்பரப் படச் சம்பளம் பல நேரங்களில் அன்றைக்கே கைக்கு வருவதில்லை. எனக்கு இரண்டு மாதம் கழித்து வந்ததும் உண்டு. அதற்குள் ஏஜென்ட் இருபது படப்பிடிப்புகளைப் பார்த்துவிட்டு, நாம் கேட்கும்போது ‘எந்த ஷூட்டு?’ என்பார். தேதி, இடம், பொருள், தயாரிப்பு நிறுவனத்தின் பெயர், பேசிய தொகை, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் ஆகியவற்றை வேனில் திரும்பும்போதே ஒரு நோட்டில் எழுதிவிடுகிறேன். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினால் பதில் பெரும்பாலும் அன்றைக்கே வந்துவிடுகிறது. பணம் வரத்தான் இன்னும் பத்து நாள் ஆகிறது.