'புட் ஆஃப்': தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலத்தில் 'புட் ஆஃப்' என்றால் ஒத்திவைத்தல் என்பது பலருக்கும் தெரிந்ததுதான். ஆயினும், எழுத உட்காரும்போது அதை ரத்துசெய்தல் என்ற பொருளில் கையாளுவோர் உண்டு. பெருந்தொற்றால் 2020இல் நடக்க வேண்டிய டோக்கியோ ஒலிம்பிக், 2021 ஜூலைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அதைக் குறிப்பது 'புட் ஆஃப்'. அதே 2020இல் விம்பிள்டன் டென்னிஸ் போட்டி அறவே கைவிடப்பட்டது. அதற்குரியது 'கால் ஆஃப்'. அடுத்த வாரத்துக்கு மாற்றிய கூட்டத்தை 'கால்டு ஆஃப்' என்று அறிவித்தால், வர வேண்டியவர்கள் அந்த நாளிலும் வரமாட்டார்கள்.

சொல் வரிசையிலும் கவனம் தேவை. 'புட் ஆஃப் த மீட்டிங்', 'புட் த மீட்டிங் ஆஃப்' ஆகிய இரண்டும் சரியே. ஆனால் 'இட்', 'தெம்' போன்ற பிரதிப்பெயர்ச்சொல் வந்தால் அது நடுவில் மட்டுமே நிற்கும் என்பதால், 'புட் இட் ஆஃப்' என்றே எழுத வேண்டும். பின்னால் ஒரு வினை வரும்போது, 'வான்ட் டு', 'டிசைட் டு' ஆகியவற்றில் ஊறிய பழக்கத்தால் பலர் 'ஐ புட் ஆஃப் டு கோ' என்று எழுதிவிடுகின்றனர். 'ஐ புட் ஆஃப் கோயிங்' என்பதே சரி. 'போவதைத் தள்ளிப்போட்டேன்' என்று தமிழிலும் தொழிற்பெயரைத்தானே சொல்கிறோம்!

பெரிதும் தடுமாற வைப்பது, ஓர் ஆள் செயப்படுபொருளாக வரும் இடம். 'த ஸ்மெல் புட் மீ ஆஃப்' என்பதில் ஒத்திவைப்புக்கு வேலையே இல்லை. அந்த வாடை எனக்கு வெறுப்பை உண்டாக்கிவிட்டது என்பதே பொருள். பிரிட்டிஷ் வழக்கில், ஒருவரின் கவனத்தைச் சிதறடிப்பதற்கும் இதே தொடர் வரும். கடன் கொடுத்தவர் 'ஹி கெப்ட் புட்டிங் மீ ஆஃப்' என்று சொன்னாலோ, கடன் வாங்கியவர் ஏதேதோ சாக்குச் சொல்லி அவரை அலைக்கழித்தார் என்று கொள்ள வேண்டும். சூழலைப் பார்க்காமல், மனப்பாடம் செய்த ஒரே பொருளை எல்லா இடத்திலும் பொருத்துவதால்தான் இத்தகைய வாக்கியங்கள் புரியாமல் போகின்றன.

அணிவது 'புட் ஆன்' என்பதால் கழற்றுவது 'புட் ஆஃப்' என்று கருதுவதும் தவறு. செருப்பையோ சட்டையையோ கழற்றுவதற்கு இன்றைய ஆங்கிலத்தில் 'டேக் ஆஃப்' என்பதே வழக்கு. தீயை அணைப்பது 'புட் அவுட்'. விளக்கை அணைக்க 'புட் ஆஃப்' என்பதைப் பிழை என்று தள்ளிவிட முடியாது. எனினும் 'டர்ன் ஆஃப்', 'ஸ்விட்ச் ஆஃப்' ஆகியவையே இன்று பெருவழக்கு.