ஜனவரியில் மருந்துக்கடை 'கவரேஜ் இல்லை' என்றால்

அமெரிக்காவில் மெடிகேர் பார்ட் டி (அரசின் முதியோர் மருத்துவக் காப்பீட்டில் மருந்துச் செலவுக்கான பகுதி) வைத்திருக்கும் பெரியவர்களுக்கு ஆண்டுத் தொடக்கத்தில் வரும் தலைவலி இது: டிசம்பர் வரை கிடைத்த மாத்திரைக்கு இப்போது கவரேஜ் இல்லை, அதாவது காப்பீடு பணம் தராது. அம்மாவுக்கு இந்த நிலை வந்தபோது சரிசெய்த வழியை எழுதுகிறேன்.

முதலில் மறுப்பின் காரணத்தைக் கேளுங்கள். உங்கள் காப்பீட்டுத் திட்டம் பணம் தரும் மருந்துகளின் பட்டியலிலேயே அது இல்லையா, முன் அனுமதி வேண்டுமா, மலிவான மருந்தை முதலில் சாப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார்களா, மாத அளவுக்கு வரம்பா? காரணத்துக்கு ஏற்பத்தான் டாக்டரின் கடிதம் அமைய வேண்டும்.

மாத்திரை தீரப்போகிறதென்றால் 'டிரான்சிஷன் ஃபில்' என்று பெயர் சொல்லியே கேளுங்கள். புதிய திட்டத்தில் சேர்ந்திருந்தாலும், பழைய திட்டம் புத்தாண்டில் பட்டியலை மாற்றியிருந்தாலும், முதல் 90 நாளுக்குள் ஒரு மாத மருந்தைத் தற்காலிகமாகத் தர வேண்டும். அதற்குள், அந்த மருந்துக்குக் கவரேஜ் தரும்படி திட்டத்திடம் கேட்கும் விதிவிலக்கு மனுவை டாக்டரின் கடிதத்தோடு போட்டுவிடுங்கள்.

மனு தோற்பது பெரும்பாலும் கடிதத்தால்தான். "இந்த மருந்து அவசியம்" என்ற ஒற்றை வரி போதாது. பட்டியலில் உள்ள மாற்று மருந்துகளின் பெயர், எந்த மாதம், எத்தனை மில்லிகிராம் எடுத்தார், என்ன பக்கவிளைவு வந்தது என்று டாக்டர் எழுத வேண்டும். அம்மாவின் பழைய மருந்துச் சீட்டுகளைத் தேதிவாரியாக டாக்டரிடம் கொடுத்தது இங்கேதான் கைகொடுத்தது. கடிதம் போய்ச் சேர்ந்த 72 மணி நேரத்தில் திட்டம் முடிவு சொல்ல வேண்டும். அவசர மனுவென்றால் 24 மணி நேரம். மறுத்தால் 65 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

அவசரப்பட்டுக் கைக்காசில் வாங்கிவிடாதீர்கள். கவரேஜ் இல்லாத மருந்துக்குச் செலவழிப்பது 2026-இன் 2,100 டாலர் உச்சவரம்புக் (மருந்துக்கு ஓராண்டில் நாம் கைக்காசாகத் தர வேண்டிய அதிகபட்சத் தொகை) கணக்கில் சேராது.