எஃப்எஸ் பூஜ்யமா, பேஸ் பூஜ்யமா?

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்தில் ஆர்வத்துக்காகக் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதும் மாணவர்களிடமிருந்து ஓயாமல் வரும் புகார் இது: “சார், எஃப்எஸ் ரெஜிஸ்டர் பூஜ்யம் காட்டுகிறது, அதனால்தான் த்ரெட் மாறிகள் கெடுகின்றன.” காரணம் அதுவல்ல. எஃப்எஸ் என்பது இன்டெல், ஏஎம்டி சில்லுகளின் செக்மென்ட் ரெஜிஸ்டர்களில் ஒன்று; த்ரெட் என்பது நிரலுக்குள் தனியாக ஓடும் ஓர் இழை. 64 பிட் முறையில் அந்தப் பூஜ்யம் வெறும் செலக்டர் (செக்மென்ட்டைத் தேர்ந்தெடுக்கும் எண்). த்ரெட்டின் சொந்த நினைவகத்தைக் காட்டுவது எம்எஸ்ஆரில் (சில்லின் சிறப்பு ரெஜிஸ்டரில்) உள்ள பேஸ் முகவரி. லினக்ஸில் ஒழுங்காக ஓடும் நிரலிலும் செலக்டர் பூஜ்யம்தான். கியூஎமு (கணினியைப் போலவே நடிக்கும் மென்பொருள்) மானிட்டரில் எஃப்எஸ் வரியின் இரண்டாவது எண்ணைப் பாருங்கள், அதுதான் பேஸ்.

த்ரெட் மாற்றும்போது செலக்டரை மட்டும் சேமிப்பது 32 பிட் காலத்துப் பழக்கம். பூஜ்ய செலக்டரை ஏற்றினால் இன்டெல் சில்லில் பேஸ் அழிந்துவிடும். பழைய ஏஎம்டி சில்லில் முந்தைய த்ரெட்டின் பேஸ் அப்படியே நிற்கும். முதலில் செலக்டர், பிறகு பேஸ் என்ற வரிசையில் ஏற்றுங்கள்.

பேஜ் ஃபால்ட் (தொட முடியாத நினைவகத்தைத் தொட்ட பிழை) முகவரி 40 என்று வந்தால் (பதினாறடிமானத்தில் 28) பாயின்டரைத் தேடி அலைய வேண்டாம். ஸ்டாக் கெடுகிறதா என்று பார்க்கக் கம்பைலர் பயன்படுத்தும் காவல் எண் எஃப்எஸ் பேஸிலிருந்து 40ஆவது பைட்டில் இருக்கும். நீங்கள் பேஸை இன்னும் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

உண்மையான தலைவலி ஸ்வாப்ஜிஎஸ், எஃப்எஸ்ஸின் ஜோடியான ஜிஎஸ் ரெஜிஸ்டருக்கான கட்டளை. அது மதிப்பை வைப்பதில்லை, பயனருடையது, கர்னலுடையது என்ற இரண்டு ஜிஎஸ் பேஸ்களை இடம் மாற்றுகிறது. இருமுறை ஓடினால் கர்னல் பயனரின் ஜிஎஸ்ஸோடு திரியும். வந்தது பயனர் பக்கமிருந்தா என்று சிஎஸ் ரெஜிஸ்டரில் சலுகை நிலையைக் காட்டும் கடைசி இரண்டு பிட்களைப் பார்த்துவிட்டு மாற்றுவது சாதாரண குறுக்கீடுகளுக்குப் போதும். தடுக்க முடியாத குறுக்கீடான என்எம்ஐக்குப் போதாது. சிஸ்கால் (பயனர் நிரல் கர்னலை அழைக்கும் கட்டளை) நுழைந்து, ஸ்வாப்ஜிஎஸ் ஓடுவதற்குள் அது வந்தால் சிஎஸ் ‘கர்னல்’ என்னும், ஜிஎஸ்ஸோ பயனருடையது. கேரள எல்லையான வாளையாறு தாண்டிய பின்னும் கைபேசி கொஞ்ச நேரம் தமிழ்நாட்டுக் கோபுரத்தையே பிடித்திருக்கும் அல்லவா, அந்த நிலைதான். 2018 மே மாதம் வெளியே தெரிந்த, விண்டோஸ், லினக்ஸ், மேக்ஓஎஸ் எல்லாம் திருத்திக்கொண்ட ஓட்டையும் இந்த இடைவெளியில்தான் இருந்தது: ஸ்டாக் செக்மென்ட்டை ஏற்றும் கட்டளை டீபக் பொறியை (பிழை தேடுவதற்கான குறுக்கீட்டை) தள்ளிப்போட, அது கர்னலின் முதல் கட்டளையிலேயே வெடித்தது.

ஆகவே என்எம்ஐயில் ஜிஎஸ் பேஸையே படியுங்கள். எதிர்ம எண்ணானால் கர்னலுடையது. பயனரே பேஸை மாற்றும் கட்டளைகளை அனுமதித்திருந்தால் (லினக்ஸில் 5.9 முதல்) அந்தச் சோதனையும் செல்லாது. பழைய பேஸைச் சேமித்துவிட்டு, சிபியு எண்ணைக் கொண்டு உங்கள் பேஸை நேரடியாக எழுதுங்கள்.