முழு பட்ஜெட் வரும்வரை செலவுக்கு வழி

மார்ச் 31-உடன் பழைய நிதி ஒதுக்கம் காலாவதி. மார்ச் மாதச் சம்பளமே ஏப்ரலில்தான் பட்டுவாடா என்பதால், இடி முதல் நாளே விழும். தேர்தல் ஆண்டில் இதற்கு வழி, அரசியலமைப்பின் 206-ஆம் பிரிவு தரும் முன்பண மானியம்; அதாவது, முழு பட்ஜெட் நிறைவேறும்வரை சில மாதச் செலவுக்குப் பேரவை முன்கூட்டியே தரும் ஒப்புதல். தமிழகத்தில் 2021-இல் பிப்ரவரி 23 அன்று இடைக்கால பட்ஜெட் வந்தது. திருத்திய பட்ஜெட்டுக்கு ஆகஸ்ட் 13 ஆனது.

முதலில் உங்கள் துறையின் முழு ஆண்டு மதிப்பீட்டைப் போடுங்கள். பிறகு அதை மாதவாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சம்பளம் ஆண்டுக்கு 12 கோடி என்றால் நான்கு மாதத்துக்கு 4 கோடி, சரி. பாடநூலுக்கு இந்தக் கணக்கு உதவாது: ஜூனில் பள்ளி திறக்குமுன் பெரும்பகுதி பில் வந்துவிடும். பன்னிரண்டால் வகுத்துவிட்டுத் தூங்கும் துறைகள்தான் மே மாதம் தலைமைச் செயலகத்தில் ஃபைலோடு அலையும்.

பேரவை வாக்களித்தால் மட்டும் போதாது. நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவும் நிறைவேறி, ஆளுநர் ஒப்புதல் கிடைத்த பிறகே கருவூலம் பணம் தரும்.

புதிய திட்டத்தை முன்பண மானியத்தில் நுழைக்காதீர்கள். வெள்ள நிவாரணம்போல் தள்ளிப்போட முடியாத செலவுக்கு எதிர்பாராச் செலவு நிதியில் முன்பணம் கேட்கலாம். பிறகு பேரவையிடம் துணை மானியம் (ஆண்டின் நடுவே தரும் கூடுதல் ஒதுக்கம்) பெற்று அதைத் திருப்பி வைக்க வேண்டும்.

முழு பட்ஜெட் வந்ததும் முன்பண மானியம் ஆண்டு ஒதுக்கத்துக்குள் அடங்கிவிடும். கூடுதல் தொகை என்று எண்ணிச் செலவழித்தால் தணிக்கையில் மிகைச்செலவாக நிற்கும்.