திரைப்படக் கதைமரபுகளைத் தொகுப்பது எப்படி: மலையக இரசிகர்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்ப் படங்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடும். கதாநாயகனின் தங்கை படம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே அளவுக்கு மீறிச் சிரித்து மகிழ்ந்தால் அவளுக்கு ஏதோ நேரப்போகிறது என்பதை ஹட்டனில் பார்க்கும் சிறுபிள்ளையும் சொல்லும், பதுளையில் பார்க்கும் பாட்டியும் சொல்வார். படத்துக்குப் படம் திரும்பத் திரும்ப வரும் இத்தகைய கதைமரபுகளைப் பற்றிப் பல ஆண்டுகள் படம் பார்த்துச் சேர்த்த இந்த அறிவு, படம் முடிந்ததும் நடக்கும் பேச்சோடு கரைந்து போய்விடுகிறது. அதை எழுத்தில் கொண்டுவந்து, பிறர் சரிபார்க்கவும் மறுக்கவும் கூடிய தொகுப்பாக ஆக்குவதற்கு வாசிகசாலையில் கூடும் நண்பர்கள் சிலரும், சில கொப்பிகளும், பொறுமையும் போதும்.

இவ்வகைத் தொகுப்புப் பணி தமிழுக்குப் புதியதன்று. அகப்பாடல்களில் யார், யாரிடம், எந்தச் சூழலில் பேசலாம் என்பதைத் தொல்காப்பியத்தின் பொருளதிகாரம் வகுத்து வைத்திருக்கிறது. தலைவியின் காதலைத் தோழி செவிலிக்கு வெளிப்படுத்தும் ‘அறத்தொடு நிற்றல்’ எந்தப் பாடலில் வந்தாலும், சொற்கள் மாறினாலும், அங்கே நடக்கும் காரியம் ஒன்றுதான். ரஷ்ய ஆய்வாளர் விளாதிமிர் புரோப் 1928இல் வெளியிட்ட நூலில் ஏறத்தாழ 100 மாயக்கதைகளை ஆராய்ந்து, அவற்றின் பாத்திரங்கள் எத்தனை வகையாக மாறினாலும் அவை செய்யும் செயல்கள் 31க்குள் அடங்கிவிடுகின்றன என்று காட்டினார். தொலைவான இவ்விரண்டு இடங்களிலிருந்தும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய நெறி ஒன்றே: ஒரு மரபை அதன் தோற்றத்தைக் கொண்டு அடையாளம் காணாமல், கதைக்குள் அது செய்யும் வேலையைக் கொண்டு அடையாளம் காண வேண்டும்.

வேலையைப் பார்த்துப் பிரித்தல்

இந்நெறியைக் கைவிட்டால் தொகுப்பு எப்படிக் குழம்பும் என்பதற்கு இரட்டை வேடம் நல்ல எடுத்துக்காட்டு. ஒவ்வொரு மரபையும் ஒரு தனி அட்டையில் பதிவதே நம் முறை. ‘இரட்டை வேடம்’ என்று ஓர் அட்டை எழுதி, அதன் கீழே நாடோடி மன்னன் (1958), எங்க வீட்டுப் பிள்ளை (1965), தெய்வமகன் (1969) ஆகிய மூன்றையும் சேர்த்துவிட்டால் பட்டியல் நீளுமே தவிர எதுவும் விளங்காது. முதற் படத்தில் உறவேதும் இல்லாத இருவர் ஒரே முகத்தோடு இருக்கிறார்கள். குடிமக்களில் ஒருவன் மன்னனின் இடத்தில் அமர்வதால், சாதாரண மனிதன் ஆட்சி செய்தால் நாடு எப்படி இருக்கும் என்று காட்டுவதற்கு அந்த ஒற்றுமை பயன்படுகிறது. இரண்டாவது படத்தில் இருப்பவர்கள் இரட்டையர்கள். அஞ்சி ஒடுங்கியவன் வாழ்ந்த வீட்டுக்குள் துணிந்தவன் நுழைவதால், அதுவரை அடித்து ஆண்ட கொடியவருக்கு அதே கூரையின் கீழ் பாடம் கிடைக்கிறது. தெய்வமகனில் தந்தையும் இரு மகன்களுமாக மூன்று வேடங்கள் வருகின்றன. தன் முகத்திலுள்ள விகாரத்தோடு பிறந்த குழந்தையைக் கைவிட்ட தந்தை, வளர்ந்து நிற்கும் அந்த மகனின் முகத்தில் தன்னையே பார்க்க நேர்வதுதான் அங்கே கதையின் கரு. ஆகவே இவற்றுக்கு ‘அரியணையில் அமரும் ஒத்த முகம்’, ‘ஒடுங்கியவன் வீட்டில் துணிந்தவன்’, ‘தந்தை கைவிட்ட தன் முகம்’ என மூன்று தனி அட்டைகள் வேண்டும். ஒரே நடிகர் பல வேடங்களில் தோன்றுவதை மூன்றிலும் ஓர் உத்தியாக ஓரத்தில் குறித்தால் போதும்.

அட்டைகளுக்குப் பெயரிடும்போது ஒரு படத்தின் பெயரையோ நடிகரின் பெயரையோ வைக்காதீர்கள். அந்தப் படத்தைப் பார்க்காத இளையவருக்கு அப்பெயர் எதையும் சொல்லாது. பார்த்தவர்களுக்கோ அந்தப் படத்தின் மற்ற நினைவுகளையெல்லாம் சேர்த்து இழுத்துவரும். பெயருக்குக் கீழே ஒரே வாக்கியத்தில் வரையறை எழுதுங்கள். இன்ன நிலையில் உள்ள ஒருவர், இன்னது நிகழும்போது, இன்னதைச் செய்கிறார், அதனால் பார்ப்பவருக்கு இன்னது கிடைக்கிறது என்ற வரிசையில் அவ்வாக்கியம் அமைந்தால் பின்னால் வாதாடுவதற்கு எளிதாக இருக்கும். ‘அலுத்துப்போனது’, ‘அருமையானது’ போன்ற சொற்களுக்கு வரையறையில் இடமில்லை, ஏனெனில் ஒரு மரபு நல்லதா கெட்டதா என்பது அதைக் கையாண்ட விதத்தைப் பொறுத்தது.

பாட்ஷாவில் (1995) வரும் ஒரு காட்சியைக் கொண்டு இதைப் பழகிப் பார்க்கலாம். ஆட்டோ ஓட்டும் மாணிக்கம், தங்கைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டுச் செல்கிறார். பொறுப்பிலிருப்பவர் தகாத முறையில் நடந்துகொள்ளவே, தங்கையை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவரோடு தனியாகப் பேசுகிறார். தங்கை கண்ணாடிக்கு வெளியே நிற்கிறாள்; உள்ளே அண்ணனின் உதடுகள் அசைவதையும், கேட்பவரின் முகம் மாறுவதையும் அவளோடு சேர்ந்து நாமும் பார்க்கிறோம், ஆனால் பேச்சு நமக்குக் கேட்பதில்லை. இடம் கிடைத்துவிடுகிறது. இதை வெறுமனே ‘நாயகன் மிரட்டும் காட்சி’ என்று எழுதுவது பிழையாகும். ‘அடங்கி வாழும் ஒருவர், தமக்கு வேண்டியவர் அவமதிக்கப்படும்போது, தம் பழைய அடையாளத்தை எதிரியிடம் மட்டும் வெளிப்படுத்துகிறார், பார்ப்பவருக்குக் காரணம் தெரியுமுன் விளைவு தெரிந்துவிடுகிறது’ என்று எழுதினால்தான், ஆட்டோவும் கல்லூரியும் கண்ணாடியும் இல்லாத வேறொரு படத்தில் இதே மரபு வரும்போது அதை அடையாளம் காண முடியும். நாயகனின் கடந்தகாலம் நமக்கு முன்பே தெரிந்திருந்து எதிரிக்கு மட்டும் தெரியாத படங்கள் வேறு அட்டைக்கு உரியவை, ஏனெனில் அங்கே நாம் விடையைத் தேடுவதில்லை, எதிரி எப்போது அறிவான் என்று காத்திருக்கிறோம்.

சான்றுகளைப் பதிதல்

ஒரு படத்தில் மட்டும் கண்டதை மரபு என்று அறிவிக்கக் கூடாது. வெவ்வேறு இயக்குநர்களின் படங்களிலிருந்து குறைந்தது மூன்று சான்றுகளாவது கிடைக்கும்வரை அட்டையின் மூலையில் ‘ஐயம்’ என்று எழுதி வைத்திருப்பது என் வழக்கம். மறுஆக்கங்களைத் தனிச் சான்றாக எண்ணக் கூடாது. எங்க வீட்டுப் பிள்ளை 1964இல் வெளியான ராமுடு பீமுடு என்ற தெலுங்குப் படத்தின் தமிழாக்கம் என்பதால், இரண்டையும் சேர்த்து ஒரே சான்றாகத்தான் கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு சான்றுக்கும் படத்தின் பெயர், முதல் வெளியீட்டு ஆண்டு, காட்சி வரும் நிமிடம், பார்த்த பிரதி ஆகியவற்றை எழுதுங்கள். பிரதியைக் குறிப்பது தேவையற்ற நுணுக்கமாகத் தோன்றலாம், ஆனால் நம் நாட்டில் அது மிகவும் அவசியம். திரையரங்கில் வினாடிக்கு 24 சட்டகங்களாக ஓடும் படம், இலங்கை பயன்படுத்தும் ‘பால்’ (PAL) எனும் ஒளிபரப்பு முறைத் தொலைக்காட்சிக்கு மாற்றப்படும்போது பெரும்பாலும் 25 சட்டகங்களாக ஓடுகிறது. இதனால் 150 நிமிடப் படம் 144 நிமிடங்களில் முடிந்துவிடும். ஒளிபரப்புக்காகப் பாடல்களோ காட்சிகளோ வெட்டப்பட்டிருந்தால் வேறுபாடு இன்னும் கூடும். ஆகவே நிமிடத்தோடு, அக்காட்சிக்கு முன்னும் பின்னும் என்ன வருகிறது என்பதையும், அது இடைவேளைக்கு முன்பா பின்பா என்பதையும் சொற்களில் எழுதிவிட வேண்டும். தமிழ்ப் படங்களின் கட்டமைப்பில் இடைவேளை வெறும் ஓய்வு நேரமன்று. பல மரபுகள் அதை ஒட்டியே நிற்கின்றன. படப் பெயர்களைக் கணினியில் ஏற்றும்போது ஒரே எழுத்துக்கூட்டலைக் கடைப்பிடித்து, மற்ற வடிவங்களைப் பக்கத்தில் தருவது தேடலுக்கு உதவும்.

‘இதுதான் முதன்முதல்’ என்று எங்கும் எழுதாதீர்கள். தமிழின் முதற் பேசும் படமான காளிதாஸ் (1931) உட்பட அக்காலப் படங்கள் பலவற்றின் பிரதிகளே இன்று இல்லை. ‘நாங்கள் பார்த்தவற்றுள் பழையது’ என்பதே நேர்மையான கூற்று.

மரபை மீறிய படங்களையும் அதே அட்டையில் எதிர்ச்சான்றாகச் சேர்க்க வேண்டும். பாடல்களே இல்லாமல் எஸ். பாலசந்தர் இயக்கிய அந்த நாள் (1954) இதற்கு மிகச் சிறந்த பயிற்சிக் களம். ஒரு கொலையைப் பற்றிய விசாரணையில் பலரின் கூற்றுகள் அடுத்தடுத்து வருகின்றன. வழக்கமான படமாக இருந்தால் எந்த இடங்களில் பாடல் வந்திருக்கும் என்று குழுவில் ஒவ்வொருவரும் தனித்தனியே குறித்து, பின்னர் ஒப்பிட்டுப் பாருங்கள். பாடல் செய்ய வேண்டிய வேலையை அந்த இடங்களில் வேறு எது செய்திருக்கிறது என்று தேடும்போது, பாடல் எதற்காக வைக்கப்படுகிறது என்பது வேறு எந்தப் படத்தைப் பார்த்ததையும்விடத் தெளிவாகப் புலப்படும்.

தனித்தனியே எழுதிவிட்டுப் பிறகு பேசுவது எல்லாப் படங்களுக்கும் பொருந்தும் ஒழுங்கு. முதலில் பேசிவிட்டால், குழுவில் உரத்துப் பேசுபவரின் கருத்தே எல்லாக் கொப்பிகளிலும் ஏறிவிடும். உடன்பாடு வராத இடத்தில் இரண்டு கருத்துகளையும், சொன்னவர்களின் பெயர்களோடு, அப்படியே அட்டையில் வைத்திருங்கள்.

கூத்தும் மூத்தவர்களும்

மலையகத்தில் இப்பணியைச் செய்பவர்களுக்கு வேறெங்கும் எளிதில் கிடைக்காத செல்வம் ஒன்று உண்டு. காமன் கூத்திலும், பொன்னர் சங்கர் கூத்திலும், அருச்சுனன் தபசிலும் வேடம் கட்டிய பெரியவர்கள் இன்னும் தோட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களோடு அமர்ந்து படம் பாருங்கள். பொன்னர் சங்கர் கூத்தில் உயிரிழந்த அண்ணன்மாரைத் தேடிச் செல்லும் தங்கையின் புலம்பலைப் பாடிப் பழகியவர், பாசமலர் (1961) போன்ற அண்ணன் தங்கைப் படத்தில் நாம் கவனிக்காத இடங்களில் நிமிர்ந்து உட்காருவார். அந்த இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘இது கூத்திலிருந்து வந்ததுதானே, தாத்தா?’ என்று கேட்டால், நம் மனம் கோணாதிருக்க அவர் ஆமென்றே சொல்லிவிடக்கூடும். ‘இது மாதிரி வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பதே முறை. ஒற்றுமை இருப்பதால் மட்டும் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று ஆகிவிடாது. ‘ஒப்பு’ என்ற தலைப்பில் பதிந்து, அங்கேயே நிறுத்துங்கள்.

மலையைக் காட்டும் விதம்

நம்மவர்கள்தான் செய்ய வேண்டும் என்று நான் உறுதியாக நம்பும் பகுதி இது. அக இலக்கியத்தில் குறிஞ்சிக்கு உரிய ஒழுக்கம் புணர்தல். திரைப்படத்திலும் காதலர்கள் பாட மலைக்கு வருகிறார்கள், புதுமணத் தம்பதியர் மலைக்கு வருகிறார்கள். இதையும் ‘ஒப்பு’ என்றே பதிய வேண்டும். ஆனால் அந்தப் பாடல்களில் பச்சைச் சரிவின் மீது கூடையோடு வரிசையாக நிற்பவர்கள் யார் என்று கேட்கும் உரிமை, அதே சரிவில் கொழுந்து பறிப்பவர்களின் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட அதிகம். ‘தேயிலைச் சரிவில் காதல் பாடல்’ என்ற அட்டையில் வழக்கமான பதிவுகளோடு மேலும் சிலவற்றைச் சேருங்கள்: தொழிலாளிக்குப் பெயர் உண்டா, ஒரு வரியாவது பேசுகிறாரா, அவர் குடியிருக்கும் லயக் காம்பரா காட்டப்படுகிறதா, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களமோ கொழுந்து நிறுக்கும் இடமோ படத்தில் வருகிறதா. விரல்கள் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுகின்றனவா, அல்லது வெறுமனே செடியைத் தடவுகின்றனவா என்பதைக்கூடக் கவனியுங்கள், ஏனெனில் உழைப்பு வேலையாகக் காட்டப்படுகிறதா அலங்காரமாகக் காட்டப்படுகிறதா என்பதை அந்தக் கை சொல்லிவிடும். நகரத்திலிருந்து படம் பார்க்கும் திறனாய்வாளருக்கு இது கண்ணில் படாது.

தோட்டமே கதைக்களமாகும் படங்களுக்குத் தனித் தொகுதி வேண்டும். வாக்குறுதி தந்து ஆள் சேர்க்கும் கங்காணி, கணக்கில் தீராத கடன் ஆகிய மரபுகளுக்குப் பரதேசி (2013) விரிவான சான்றாகும். நம் நாட்டில் உருவான தோட்டக்காரி (1963), வி. பி. கணேசன் தயாரித்து நடித்த புதிய காற்று (1975) ஆகியவற்றைப் பார்த்தவர்கள் உங்கள் ஊரில் இருந்தால், பிரதி கிடைக்கும்வரை காத்திராமல் அவர்களின் நினைவைக் கேட்டு, ‘நினைவுச் சான்று’ என்று தெளிவாகக் குறித்து எழுதிவையுங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு அட்டையின் பின்பக்கத்தையும் பார்வைக் குறிப்புக்காக ஒதுக்குங்கள். போர்க்காலத்தில் ரங்கூனிலிருந்த உடன்பிறப்புகள் சிதறி, இறுதியில் நீதிமன்றத்தில் குற்றவாளியாகத் தம்பியும் நீதிபதியாக அண்ணனும் எதிரெதிரே வரும் பராசக்தி (1952), குடும்பம் பிரிந்து கூடும் மரபுக்குப் பெயர்பெற்ற சான்று. இலங்கையும் இந்தியாவும் மலையகத் தமிழரைப் பங்கிட்டுக்கொண்ட 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இங்குமாகப் பிரிந்து, கோச்சியடியில் (ரயிலடியில்) கடைசியாகப் பார்த்துக்கொண்ட குடும்பங்கள் அந்தக் காட்சியை வேறுவிதமாகத்தான் பார்த்திருப்பார்கள். அப்படிப் பார்த்தவர் சொல்வதை, அவர் விரும்பினால் மட்டும், ஊரையும் பார்த்த காலத்தையும் சேர்த்து அவருடைய சொற்களிலேயே பின்பக்கத்தில் எழுதுங்கள். அதற்காக முன்பக்கத்து வரையறையைத் திருத்த வேண்டாம்.