கை லேசரின் ஃபோகஸ் லென்ஸ்: கழற்றி, துடைத்து, திரும்பப் பூட்டும் முறை

சுவரில் விழும் புள்ளியைச் சுற்றி மங்கலான ஒளிவட்டம் படர்ந்தாலோ, ஒரு பக்கமாக வால் நீண்டாலோ, பெரும்பாலும் லென்ஸில் தூசி அல்லது விரல்ரேகை இருக்கும். ஆனால் 445, 450 நானோமீட்டர் அலைநீள நீல லேசர்களில் புள்ளி வட்டமாக இல்லாமல் சிறு கோடாக விழுவது அழுக்கினால் அல்ல. அவற்றின் டையோடுகளில் (லேசர் ஒளியை உண்டாக்கும் சிறு சில்லு) ஒளி வெளிவரும் வாயே நீளப் பட்டையாக இருக்கிறது. எத்தனை முறை துடைத்தாலும் கோடு வட்டமாகாது. இது தெரியாமல் நல்ல லென்ஸைத் தேய்த்துத் தேய்த்தே கீறிவிடுகிறார்கள்.

இங்கே சொல்வது டையோடும் அதற்கு முன்னால் எம்9 மரையில் (9 மில்லிமீட்டர் விட்டமுள்ள திருகு மரை) சுழலும் லென்ஸும் மட்டும் உள்ள லேசர்களுக்கு. பச்சை 532 நானோமீட்டர் பாயின்டர்களில் பலவற்றின் உள்ளமைப்பு வேறு. அவற்றில் 808 நானோமீட்டர் டையோடு ஒரு படிகத்தைத் தூண்டி 1064 நானோமீட்டர் கதிரை உண்டாக்குகிறது. அடுத்த படிகம் அதன் அலைநீளத்தைப் பாதியாக்கி 532 ஆக்குகிறது. வழியில் ஒரு அகச்சிவப்பு வடிகட்டியும் இருக்கலாம். அது கழன்றுவிட்டால் கண்ணுக்குத் தெரியாத கதிர் பச்சையோடு சேர்ந்து வெளியே வரும். அந்த வகையில் கடைசி லென்ஸின் வெளிமுகத்தைத் துடைப்பதோடு நிறுத்துங்கள்.

வேலை தொடங்கும் முன் பேட்டரியை வெளியே எடுத்து மேசையின் மறுகோடியில் வையுங்கள். சுவிட்சை அணைத்தால் போதும் என்று விட்டுவிடக் கூடாது. கையில் உருட்டும்போது அழுத்திவிடுவது மிகவும் எளிது. லேசர் பாதுகாப்பு வகைப்பாட்டில் 5 முதல் 500 மில்லிவாட் வரை வகுப்பு 3பி, அதற்கு மேல் வகுப்பு 4. இரண்டிலுமே ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் விழித்திரை சேதமாகலாம். பாதுகாப்புக் கண்ணாடியை நிறம் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் லேசரின் அலைநீளமும் ஒளியடர்த்தி எண்ணும் (OD, கண்ணாடி ஒளியை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு) அதிலேயே அச்சிட்டிருக்க வேண்டும்.

தேவையான பொருட்கள் குறைவு: ரப்பர் ப்ளோயர், லென்ஸ் டிஷ்யூ, 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால், காய்ச்சி வடித்த நீர், கூர்முனை ட்வீசர், 10 மடங்கு பெரிதாக்கும் லூப், வெள்ளைத் தட்டு ஒன்று. மருந்துக் கடை ஸ்பிரிட்டும் கை சானிடைசரும் வேண்டாம். அவற்றில் கலந்திருக்கக்கூடிய கிளிசரின், வாசனைப் பொருள் எல்லாம் லென்ஸின் மேல் மெல்லிய படலமாகத் தங்கிவிடும்.

முதலில் முன்முகத்தை மட்டும் பாருங்கள். டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்து லூப் வழியே பார்த்தால் தூசியும் எண்ணெய்க் கறையும் பளிச்சென்று தெரியும். அழுக்கு வெளியில் மட்டும்தான் என்றால் கழற்றவே வேண்டாம். உள்முகத்தில் புகை படிந்தது போலத் தெரிந்தால் மட்டும் மேலே போகலாம்.

கழற்றும்போது லேசரின் வாய் கீழ்நோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்கட்டும். தூசி டையோடின் மேல் விழாமல் வெளியே விழும். வெளி வளையத்தில் பூட்டுத் திருகு இருந்தால் அதைத் தளர்த்துங்கள். பிறகு லென்ஸ் நட்டை (லென்ஸைத் தாங்கும் மரை வளையம்) இடப்புறமாகத் திருப்பி, முழுதாகக் கழல எத்தனை சுற்று ஆனது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். எம்9 லென்ஸ்களில் மரை இடைவெளி பொதுவாக 0.5 மில்லிமீட்டர், 6 சுற்று ஆனால் லென்ஸ் 3 மில்லிமீட்டர் வெளியே வந்திருக்கிறது. இந்த எண் திரும்பப் பூட்டும்போது டையோடைக் காப்பாற்றும். கடைசிச் சுற்றில் விரலால் நட்டைத் தாங்கிப் பிடியுங்கள். பின்னால் இருக்கும் சிறு ஸ்பிரிங் துள்ளி விழும் என்பதால்தான் வெள்ளைத் தட்டு.

லென்ஸ் வெளியே வந்ததும் திறந்த வாயைச் சுத்தமான டேப்பால் உடனே மூடுங்கள், பசை உள்ளே படாதபடி. டையோடை எதனாலும் தொடக் கூடாது, வாயால் ஊதவும் கூடாது. மூடி நீக்கிய டையோடு என்றால் அதன் முகப்பு நேரடியாகக் காற்றில் இருக்கிறது. அதில் பட்ட எச்சில் துளியைத் துடைத்தெடுக்க வழியே இல்லை. நிலைமின்சாரமும் டையோடைக் கொல்லும். நைலான் சட்டையைத் தவிர்த்து, நிலத்திணைப்புள்ள உலோகம் ஒன்றைத் தொட்டுவிட்டு வேலை செய்யுங்கள்.

லென்ஸ் கண்ணாடியா அக்ரிலிக்கா என்பதைத் தெரிந்துகொள்வது முக்கியம். கண்ணாடி லென்ஸின் மேல் பூச்சு இருந்தால் எதிரொளியில் நீலமோ பச்சையோ ஊதாவோ தெரியும். பூச்சில்லாத அக்ரிலிக்கில் எதிரொளி வெறும் வெள்ளை. சந்தேகமாக இருந்தால் அக்ரிலிக் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அக்ரிலிக்கின் மேல் அசிட்டோன் பட்டால் நொடியில் வெளுத்துவிடும், பிறகு சரியாகாது. ஆல்கஹாலிலும் அதை ஊறவிடக் கூடாது.

துடைப்பதற்கு முன் ப்ளோயரால் ஏழெட்டு முறை ஊதுங்கள். மணல் துகள் ஒன்று தங்கியிருக்கும்போது துடைத்தால் அதுவே கீறும். ஸ்ப்ரே டப்பாக் காற்று வேண்டாம். அதிலிருந்து வரும் திரவம் கறையாகும். பிறகு டிஷ்யூவை மடித்து, அதன் முனையில் ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டு, லென்ஸின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு எடையே இல்லாமல் ஒரே இழுப்பாக இழுங்கள். வட்டமாகத் தேய்க்காதீர்கள், அது அழுக்கை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளி, மறுபடி நடுவுக்கே கொண்டுவரும். அடுத்த இழுப்புக்குப் புதிய இடம் அல்லது புதிய டிஷ்யூ. அக்ரிலிக்காக இருந்தால் முதலில் காய்ச்சி வடித்த நீரில் மிகச் சிறிதளவு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து இதேபோல் இழுத்து, பிறகு வெறும் நீரால் முடியுங்கள்.

காய்ந்த பின்னும் நடுவில் ஒரு பழுப்புப் புள்ளி போகாமல் நின்றால் அது கறை அல்ல. தூசியின் மேல் கதிர் குவிந்து எரிந்து, பூச்சையே கருக்கியிருக்கிறது. அந்த லென்ஸை மாற்றத்தான் வேண்டும். மூன்று கண்ணாடிகள் அடுக்கிய லென்ஸாக இருந்தால் பிரிக்கவே வேண்டாம். இடைவளையங்களின் வரிசை மாறினால் ஃபோகஸ் திரும்பக் கிடைக்காது.

பூட்டும்போது திசைதான் அதிகம் தவறுகிறது. ஒற்றை லென்ஸின் தட்டையான பக்கம் டையோடை நோக்கியும், அதிகம் குவிந்த பக்கம் வெளியேயும் இருக்க வேண்டும். முதலில் ஸ்பிரிங், அதன் மேல் லென்ஸ் நட்டு. நட்டை வாயில் வைத்து முதலில் இடப்புறமாக மெல்லச் சுற்றுங்கள். மரை ஓரிடத்தில் 'டிக்' என்று இறங்குவது விரலில் தெரியும். அந்த இடத்திலிருந்து வலப்புறமாகத் திருப்பினால் மரை குறுக்கே ஏறாது. அலுமினிய மரை ஒரு முறை குறுக்கே ஏறிவிட்டால் லென்ஸ் எப்போதும் சாய்ந்தே நிற்கும். குறித்துவைத்த சுற்று எண்ணுக்கு ஒன்று குறைவாக நிறுத்துங்கள். ஆழமாக முடுக்கினால் நட்டு டையோடின் கண்ணாடிச் சன்னலை நசுக்கும்.

இனி ஃபோகஸ். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, பளபளப்பில்லாத இலக்கை 10 மீட்டர் தள்ளி வைத்து, வேறு யாரும் இல்லாத அறையில் செய்யுங்கள். கண்ணாடி வழியே புள்ளி தெரியாது என்பதால் பலர் அதைக் கழற்றிவிடுகிறார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். செல்போன் கேமராவை இலக்கின் பக்கம் திருப்பித் திரையைப் பாருங்கள்; பிரகாசமான புள்ளி அதில் பெரும்பாலும் வெள்ளையாக விழும், அது கண்ணாடி வழியாகவும் தெரியும். லென்ஸ் டையோடை நெருங்க நெருங்கக் குவியம் தூரத்துக்கு நகரும். வெளியே வர வர அருகே வரும். அருகில் வைத்துப் பொறிக்கும் வேலைக்கு லென்ஸ் சற்று வெளியே நிற்க வேண்டும்.

நட்டைத் திருப்பும்போது புள்ளி வட்டமடித்தால் ஸ்பிரிங் விடுபட்டிருக்கிறது அல்லது மரை தளர்ந்திருக்கிறது. மரையில் டெஃப்லான் டேப் ஒரே ஒரு சுற்று சுற்றினால் ஆட்டம் அடங்கும். எந்த நிலையிலும் கூர்மை வராவிட்டால் லென்ஸ் தலைகீழாக இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் வெறும் எல்இடி போல மங்கலாக ஒளிர்ந்தால் டையோடு செத்துவிட்டது. லென்ஸில் தேட வேண்டாம். ஃபோகஸ் நகராமலிருக்க உடனடிப் பசையை மட்டும் தடவாதீர்கள். அதன் ஆவி துடைத்த லென்ஸின் உள்முகத்தில் வெண்படலமாகப் படிந்துவிடும்.